பழைய புல்லட் சைடு ஸ்டாண்டில் அதிகமாகச் சாய்ந்தால்: ஸ்டாண்டின் காலை வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350. பல வருடம் ஷெட்டில் கிடந்ததை எடுத்து, பெயின்ட் அடித்து, இரண்டு டயரும் பின் ஷாக் அப்சர்பரும் புதிதாகப் போட்டு ஓட ஆரம்பித்திருக்கிறார். ஓடுவதில் குறையில்லை. ஆனால் சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி படுத்துவிடுவதுபோலச் சாய்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்துத்தான் நிறுத்துகிறார். பக்கத்து வெல்டர், "2 இன்ச் ஒட்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். போடலாமா?

இப்போது போட வேண்டாம். வெல்டர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; கடைசியில் உங்கள் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் நீளம் தேவைப்படலாம். ஆனால் 2 இன்ச் நிச்சயமாக அதிகம். அதைவிட முக்கியம், எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்பது. தேய்மானத்தை முதலில் சரி செய்ய வேண்டும், அதன்பிறகுதான் நீளத்தை அளக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வண்டி மறுபக்கம் விழும். நான் அப்படி ஒருமுறை விழவிட்டிருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: டயரும் ஷாக்கும் மாற்றியபிறகுதான் இந்தத் தொல்லை. பலரும் சைடு ஸ்டாண்டு சாய்ந்தால் ஸ்டாண்டு குட்டையாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இங்கே நடந்திருப்பது வேறு. ஸ்டாண்டு அப்படியே இருக்கிறது, வண்டி உயர்ந்துவிட்டது. அந்தக் காலத்து புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 டயர், அதாவது அகலம் 3.25 இன்ச், ரிம் 19 இன்ச். இப்போது நிறையப் பேர் அகலமாக இருக்கட்டும் என்று 3.50-19 போடுகிறார்கள். டயரின் அகலம் கால் இன்ச் கூடினால் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். இரண்டு சக்கரத்திலும் போட்டால் வண்டி மொத்தமாக 6 மி.மீ. மேலே போகிறது. அப்புறம் ஷாக். பழைய ஸ்பிரிங்குகள் வருடக்கணக்கில் தளர்ந்து வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த வண்டிக்கு ஸ்டாண்டின் நீளம் போதுமானதாக இருந்தது. புது ஷாக் போட்டதும் பின்பக்கம் எழுந்து நிற்கிறது. பின்னால் 20 மி.மீ. உயர்ந்தால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்டாண்டு மாட்டும் இடம் சுமார் 10 மி.மீ. உயரும். டயரையும் ஷாக்கையும் சேர்த்தால் 16 மி.மீ. இது மட்டுமே கிட்டத்தட்ட மூன்று டிகிரி சாய்வு.

இந்தக் கணக்கை எல்லோரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடக் கணிதம் போதும்.

ஒருவர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்கட்டும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். நடு ஸ்டாண்டு போடக் கூடாது, போட்டால் சக்கரம் தூக்கிக்கொண்டு அளவு கெட்டுவிடும். சைடு ஸ்டாண்டை முழுக்க முன்னால் இறக்கி விடுங்கள். பாதம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த இடைவெளி ஒரு அளவு. பாதத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். முன் டயரும் பின் டயரும் தரையைத் தொடுகிற இடங்களின் நடுவை இணைத்து நூல் பிடித்து ஒரு கோடு போடுங்கள். புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள தூரம் இரண்டாவது அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டான் (tan) மதிப்பு. பக்கவாட்டுத் தூரம் 300 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 64 மி.மீ. இருந்தால் 12 டிகிரி, 80 இருந்தால் 15 டிகிரி, 110 இருந்தால் 20 டிகிரி.

அவ்வளவு வேண்டாம் என்றால், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கர ரிம்மின் பக்கவாட்டில் ஒரு நேரான பட்டையை மேலிருந்து கீழாக வைத்து, கைபேசியில் ரசமட்டம் காட்டும் ஆப்பை அதன்மேல் வைத்தால் டிகிரி தெரியும். ஹேண்டில் நேராக இருக்கட்டும். நம் வீட்டு வாசல் எதுவும் மட்டமாக இருக்காது, தண்ணீர் வடிவதற்காகச் சரிவு கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஒருமுறை அளந்தபிறகு வண்டியை அதே இடத்தில் எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி இன்னொருமுறை அளங்கள். இரண்டின் சராசரிதான் உண்மையான சாய்வு. ஒரு வீட்டில் 19 காட்டிய வண்டி திருப்பி நிறுத்தியதும் 14 காட்டியது. அவருக்கு வண்டியில் வேலையே இல்லை, நிறுத்துகிற இடத்தை மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புல்லட்டுக்கு நான் 11 முதல் 13 டிகிரிக்குள் வைப்பேன். 15 வரை பரவாயில்லை. 18ஐத் தாண்டினால் கை வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், சாய்வு கூடக்கூட ஸ்டாண்டின் மேல் ஏறும் பாரம் கூடுகிறது. வண்டி 165 கிலோ, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 12 டிகிரியில் ஸ்டாண்டு சுமப்பது சுமார் 55 கிலோ. 20 டிகிரியில் அது 88 கிலோ ஆகிவிடும். பாரம் கூடினால் ஸ்டாண்டு சுழலும் போல்ட் தேயும், காலை இருபுறமும் பிடித்திருக்கிற தகடுகளான காது விரியும். விரிந்தால் இன்னும் சாயும். இந்தச் சுற்று ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காது.

இது போதாதென்று புல்லட்டின் இடப்பக்கத்தில் பிரைமரி செயின் கேஸ் இருக்கிறது, இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகிற செயின் ஆயிலில் ஓடுகிற பெட்டி அது. நடுவில் ஒரே நட்டு, சுற்றிலும் ரப்பர் சீல். வண்டி இடதுபக்கம் படுத்தால் ஆயில் முழுக்க அந்த மூடியின் பக்கம் தேங்கி, சீல் கொஞ்சம் காய்ந்திருந்தாலும் காலையில் தரையில் வட்டமாகக் கறை தெரியும். பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் கார்புரேட்டர் மிதவை சரிவில் நின்று பெட்ரோல் சொட்டும். ஆயில் கசிகிறது என்று சீல் சீலாக மாற்றுகிற பலருடைய வண்டியில் ஸ்டாண்டைச் சரி செய்ததும் கசிவு பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஆயில் அளவையும் சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்க்காதீர்கள், தப்பான அளவு காட்டும். நடு ஸ்டாண்டுதான் அதற்கு.

சரி, வேலைக்கு வருவோம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, சைடு ஸ்டாண்டின் பாதத்தைக் கையால் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். விரல் கனத்துக்கு மேல் பாதம் அசைந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆட்டும்போதே மேலே பாருங்கள். கால் மட்டும் ஆடுகிறதா, அதைத் தாங்குகிற பிராக்கெட்டும் சேர்ந்து ஆடுகிறதா? புல்லட் 70 மி.மீ. போரும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 346 சி.சி. ஒற்றை சிலிண்டர். அதன் அதிர்வு எந்த நட்டையும் சும்மா விடாது. பிராக்கெட் நட்டு தளர்ந்திருந்தால் அதை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடவும் கூடும். பிராக்கெட்டில் மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் விரிசல் பெயின்ட்டுக்குள் ஒளிந்திருக்கும், துருக்கோடாக மெலிதாகத் தெரியும்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது வாழைமட்டை மாதிரி மெதுவாக வராது, தெறிக்கும். கழற்றியபிறகு போல்ட்டை நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் ஸ்டாண்டின் துளைக்குள் உட்காருகிற இடம். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் நீளவாக்கில் ஓட்டுங்கள். தேயாத ஓரத்திலிருந்து தேய்ந்த நடுப்பகுதிக்கு நகம் ஒரு படி இறங்குவது தெரியும். ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருக்கும், அந்தப் பக்கத்தில் இரும்பு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், எதிர்ப்பக்கம் துருவோடு அப்படியே இருக்கும். ஐம்பது வருடப் பாரம் எந்தத் திசையில் இறங்கியது என்பது அதில் எழுதியிருக்கிறது. இப்போது ஸ்டாண்டின் துளையைப் பாருங்கள். வட்டமாக இருந்தது முட்டை வடிவம் ஆகியிருக்கும். போல்ட்டை மட்டும் புதிதாகப் போட்டு இறுக்கினால் அந்த முட்டைத் துளைக்குள் புது போல்ட்டும் ஆடும். அதைத்தான் பெரும்பாலான இடங்களில் செய்து கொடுக்கிறார்கள்.

சரியான வழி, லேத் பட்டறைக்குப் போவது. துளையைப் பெரிதாக்கி வட்டத்துக்குக் கொண்டுவந்து, வெண்கலத்திலோ இரும்பிலோ ஒரு புஷ் (துளைக்குள் உட்காருகிற குழாய் வளையம்) அடித்து, அதற்குப் பொருந்துகிற மாதிரிப் படி வைத்த போல்ட் கடைந்து வாங்குங்கள். படியின் நீளம் புஷ்ஷை விட ஒரு தாள் கனம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டை முழுக்க இறுக்கினாலும் ஸ்டாண்டு சுலபமாகச் சுழலும். காதுகள் விரிந்து காலுக்கும் காதுக்கும் இடையே சந்து விழுந்திருந்தால், காதை அடித்து நெருக்காதீர்கள், பழைய இரும்பு விரிசல் விடும். சந்துக்கு ஏற்ற வாஷர் வைத்து அடையுங்கள். பெயின்ட் வேலைக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது விட்டுவிடுகிற முதல் பொருள் இந்த மெல்லிய வாஷர்தான். உங்கள் வண்டியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஆட்டம் எவ்வளவு சாய்வைக் கொடுக்கிறது? 1 மி.மீ. ஆட்டம் பாதத்தில் 9, 10 மி.மீ. அசைவாகத் தெரியும், ஆனால் வண்டியின் சாய்வில் அரை டிகிரிதான் கூடும். கேட்கக் குறைவாகத் தோன்றும். 2, 3 மி.மீ. தேய்ந்த வண்டிகள் சாதாரணம், அதில் ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி போய்விடும். அதைவிட, ஆடுகிற கால் பாரத்தை ஒரே ஓரத்தில் தாங்குகிறது. அதுதான் காதை உடைக்கும்.

அடுத்தது ஸ்டாப்பர். இதை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஸ்டாண்டை முன்னால் தள்ளும்போது ஒரு இடத்தில் இடித்து நிற்கிறதல்லவா, அந்த இடிக்கும் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நசுங்குகிறது. அங்கே தேய்ந்தால் கால் முன்பைவிடக் கூடுதலாக முன்னால் போய் நிற்கும். முன்னால் போகப்போகப் பாதம் மேலே ஏறும். அதாவது கால் நீளம் குறையாமலே குட்டையாகிறது. போல்ட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கிற ஸ்டாப்பர் முகத்தில் 2 மி.மீ. போனால் கால் 6 டிகிரி கூடுதலாக முன்னால் போகும். 280 மி.மீ. நீளமுள்ள கால், 15 டிகிரி முன்னால் நின்றது 21 டிகிரிக்குப் போனால் உயரத்தில் 9 மி.மீ. இழக்கும். வண்டி ஒன்றரை டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சாயும்.

ஸ்டாப்பரின் இரண்டு முகங்களில் தேய்ந்ததைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டுமே நசுங்கியிருக்கும். ஸ்டாண்டின் பக்கம் உள்ள முகத்தில் வெல்டிங்கால் மேடு கட்டி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரியான இடத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு எச்சரிக்கை: ஆசையில் மேட்டை அதிகமாகக் கட்டிவிட்டால் ஸ்டாண்டு போதுமான அளவு முன்னால் போகாது. நேர் கீழே நிற்கிற ஸ்டாண்டு லேசாக வண்டி முன்னால் நகர்ந்தாலே மடங்கிவிடும். கால் நன்றாக முன்னால் சாய்ந்து நின்றால்தான் வண்டி நிற்கும்.

மூன்றாவது, கால் வளைந்திருக்கிறதா என்பது. ஒரு நேர்ப்பட்டையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் பல கால்கள் பிறப்பிலேயே வளைவோடு செய்யப்பட்டவை, அதனால் அதே வருட மாடல் வண்டி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புல்லட்டில் கால் வளைவதற்குக் காரணம் கேட்டால், சைடு ஸ்டாண்டு போட்டபடி மேலே ஏறி உட்கார்ந்து கிக்கர் உதைப்பதுதான். உதைக்கிறவரின் எடை, உதையின் வேகம், வண்டியின் பாரம், எல்லாம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. அடுத்த காரணம், இடம் இல்லாத ஷெட்டில் சைடு ஸ்டாண்டை அச்சாக வைத்து வண்டியையே சுழற்றித் திருப்புவது. அதில் கால் வளைவதைவிட பிராக்கெட் முறுக்கிக்கொள்ளும். அப்பாக்கள் காலத்து வண்டிகளில் இந்த இரண்டும் நடக்காத வண்டியை நான் பார்த்ததில்லை.

வளைந்த காலை நேராக்க வேண்டுமானால் வண்டியிலிருந்து கழற்றி, கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். சிவந்ததைத் தண்ணீரில் முக்கக் கூடாது, இரும்பு நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும். மணலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள்.

இந்த மூன்றையும் முடித்தபிறகு வண்டியை மறுபடி நிறுத்தி அளங்கள். 20 டிகிரி நின்ற வண்டி 16, 17க்கு வந்திருக்கும். மிச்சம் இருப்பது டயராலும் ஷாக்காலும் வந்த உயரம். இதற்குத்தான் நீளம் கூட்ட வேண்டும், இதற்கு மட்டும்தான்.

நான் விழவிட்ட கதையை இங்கே சொல்ல வேண்டும். அப்போது பொள்ளாச்சிப் பக்கம் இருந்தேன். என் புல்லட் அதிகமாகச் சாய்கிறது என்று நேராகக் காலை வெட்டி 35 மி.மீ. ஒட்டுப் போட்டேன். அழகாக நின்றது. ஒரு வருடம் கழித்து ஸ்டாண்டு ரொம்ப ஆடுகிறது என்று புஷ் போட்டு, அப்படியே ஸ்டாப்பரையும் மேடு கட்டினேன். வண்டி இன்னும் நிமிர்ந்தது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், ஏழு டிகிரிகூட இருந்திருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் மதியம் வாசலில் நிறுத்தியிருந்த வண்டி வலதுபக்கம் சாய்ந்து விழுந்தது. கிக்கர் வளைந்தது, டேங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். அந்த நேரத்தில் வண்டிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் யாரும் விளையாடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதிகம் சாய்கிற வண்டி கண்ணுக்கு ஆபத்தாகத் தெரியும், எல்லோரும் விலகிப் போவார்கள். அதிகம் நிமிர்ந்து நிற்கிற வண்டி அப்படித் தெரியாது.

அதனால்தான் 2 இன்ச்சுக்கு வேண்டாம் என்கிறேன். உங்கள் வண்டி இப்போது 18 டிகிரி நிற்கிறது என்றால், 2 இன்ச் ஒட்டில் 9, 10க்கு வந்துவிடும். பிறகு என்றைக்காவது யாராவது புஷ்ஷும் ஸ்டாப்பரும் சரி செய்தால் 6, 7 ஆகிவிடும். என் வண்டி நின்ற அதே இடம்.

எவ்வளவு கூட்டுவது என்று கண்டுபிடிக்க நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலையே போதும், பலகைத் துண்டு வைப்பது. மட்டமான தரையில், டயரில் காற்று சரியாக அடித்து, பாதத்துக்கு அடியில் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். 3 மி.மீ., 6 மி.மீ. துண்டுகள் இருந்தால் நல்லது. ரசமட்டம் 12 டிகிரி காட்டும்வரை அடுக்குங்கள். பிறகு அடுக்கின் மொத்தக் கனத்தை அளங்கள். கால் சரிவாக நிற்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அடுக்கு 20 மி.மீ. என்றால் காலில் 22 மி.மீ. இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் செலவழித்தால் வெல்டரிடம் போய் ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

அடுக்கு 6, 8 மி.மீ.தான் வந்தது என்றால் காலை வெட்டவே வேண்டாம். பாதத்துக்கு அடியில் அதே கனத்தில் ஒரு தகடு வெல்டு செய்தால் போதும். 60 மி.மீ.க்கு 50 மி.மீ. அளவு வைத்தால் இன்னொரு நன்மை உண்டு. பழைய ஸ்டாண்டின் பாதம் மிகச் சிறியது. சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் மழைக்காலத்து மண்ணிலும் அது குத்திக்கொண்டு இறங்கும். காலையில் நேராக நிறுத்திய வண்டி மாலையில் படுத்திருப்பது இதனால்தான். தகட்டை வெல்டு செய்யும்போது வண்டி நிற்கப்போகிற கோணத்தில் தகடு தரையோடு முழுக்கப் படிகிற மாதிரி வையுங்கள். ஓரம் மட்டும் படிந்தால் பெரிய தகடு வைத்தும் பயனில்லை.

அதற்கு மேல் நீளம் வேண்டுமானால் வெட்ட வேண்டும். ஆனால் உங்கள் அப்பாவின் வண்டியோடு வந்த காலை வெட்டாதீர்கள். என்ஃபீல்ட் இந்தியா 1955இல் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி கட்டி வந்த காலத்துப் பாகம் அது. ஒருமுறை வெட்டினால் திரும்ப வராது. சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் தேடி இன்னொரு பழைய ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதை வெட்டுங்கள். அசலைத் துடைத்து, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். வாங்கும்போது உங்கள் காலைக் கையோடு எடுத்துப் போங்கள். "புல்லட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். துளை ஒன்றாக இருக்கலாம், துளையிலிருந்து பாதம் வரையுள்ள நீளமும் வெளிப்பக்க விரிவும் மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் உங்களுக்குத் தேவையான 20 மி.மீ. நீளம் கூடிய காலே கிடைக்கும், வெட்டுகிற வேலையே மிச்சம்.

வெட்டுவதற்கு முன் கால் எந்த இரும்பு என்று பாருங்கள். கிரைண்டரை லேசாக வையுங்கள். பொறி நீளமாக, வெளிச்சமாக, நுனியில் கிளைவிட்டுப் பறந்தால் உருக்கு, தைரியமாக வெல்டு செய்யலாம். பொறி குட்டையாகச் செம்மங்கலாக விழுந்தால் வார்ப்பிரும்பு வகை. அதைச் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். அப்படியானால் அந்தக் காலை விட்டுவிட்டு வேறு கால் தேடுங்கள், அல்லது உருக்கில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

ஒட்டு போடுகிற இடம் காலின் நடுப்பகுதியாக இருக்கட்டும், துளைக்குப் பக்கத்திலோ வளைவிலோ வேண்டாம். வெட்டிய முனைகளைச் சரிவாகச் சீவி, வெல்டிங் உள்வரை இறங்குகிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். குழாய்க் கால் என்றால் உள்ளே இறுக்கமாக ஒரு கம்பி செருகி அதன்மேல் ஒட்டுவது பலம். முதலில் நான்கு புள்ளி மட்டும் வைத்து, வண்டியில் மாட்டி நிறுத்திப் பார்த்து, சரியாக இருந்தால் கழற்றிக் கொண்டுபோய் முழு வெல்டிங். வெல்டிங் மேட்டைப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முழுக்கத் தேய்க்க விடாதீர்கள். வண்டியில் மாட்டியபடியே வெல்டு செய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது.

மாட்டியதும் ஸ்டாண்டை மடக்கிப் பாருங்கள். உங்கள் 1974 வண்டியில் பிரேக் பெடல் இடதுபக்கம், கியர் வலதுபக்கம். செயினும் இடதுபக்கம்தான். நீளம் கூடிய கால் மடங்கும்போது பிரேக் பெடலிலோ அதன் கம்பியிலோ செயினிலோ படக்கூடாது. ஆள் உட்கார்ந்து ஷாக் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். பிரேக்கை முழுக்க மிதித்துப் பாருங்கள். அகலமான தகடு வைத்தவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடுங்கள், பழையதையே மாட்டாதீர்கள். கால் கனம் கூடியிருக்கிறது, தளர்ந்த ஸ்பிரிங் குண்டும் குழியுமான ரோட்டில் அதைப் பிடித்து வைக்காது. ஓடும்போது ஸ்டாண்டு இறங்கிவிட்டால் இடதுபக்கத் திருப்பத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வண்டியில் ஸ்டாண்டு போட்டிருந்தால் இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச் எல்லாம் கிடையாது. மாட்ட வரவில்லை என்றால் ஒரு சுலபமான வழி. ஸ்பிரிங்கை வைஸில் ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் வளையுங்கள். வெளிப்பக்கம் சுருள்களுக்கு இடையே சந்து விழும், அதில் ஒவ்வொன்றாக வாஷர் செருகுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கம் வளைத்து அங்கும் செருகுங்கள். ஸ்பிரிங் நீண்டபடியே நிற்கும். அப்படியே இரண்டு கொக்கியிலும் மாட்டிவிட்டு ஸ்டாண்டை இறக்கினால் ஸ்பிரிங் இழுபட்டு வாஷர்கள் தாமாக உதிர்ந்துவிடும். எல்லா வாஷரும் விழுந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

இது எல்லாம் முடிகிறவரை பலகைத் துண்டையே வையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் இரவில் நடு ஸ்டாண்டு போட்டுவிடுங்கள். கிக்கர் உதைப்பதும் இனி நடு ஸ்டாண்டில் வைத்தோ, இரண்டு காலும் தரையில் ஊன்றி வண்டியை நிமிர்த்திக்கொண்டோ இருக்கட்டும்.

அளந்த எண்களை எழுதி அனுப்புங்கள்: இடைவெளி, பக்கவாட்டுத் தூரம், இரண்டு திசையிலும் காட்டிய டிகிரி, போட்டிருக்கிற டயரின் அளவு. போல்ட்டைக் கழற்றியதும் தேய்ந்த பக்கத்தை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அதைப் பார்த்தால் புஷ் எந்த அளவில் கடைய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.